இரயில் வழியே இங்கிலாந்து: முதற்பயணம் செல்வோர்க்கு

இங்கிலாந்து என்றதும் நம்மவர் நினைவில் முன்வந்து நிற்பது இலண்டன் மாநகரம் ஒன்றே. மேற்படிப்புக்குச் சென்ற மக்களின் பட்டமளிப்பு விழாவைக் காணப் பெற்றோர் செல்கின்றனர். பணியின் பொருட்டு அங்குக் குடியேறிய பிள்ளைகளோடு ஒரு திங்கள் தங்கிவர முதியோர் செல்கின்றனர். திரும்பி வந்தோரிடம் 'என்ன கண்டீர்கள்?' என வினவினால், தேம்ஸ் ஆற்றுப் பாலம், அரண்மனை வாயிற்காவலர், பெரிய கடைத்தெரு என்னும் மூன்று விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. நாம் நூல்களில் பயின்ற இங்கிலாந்து, அதாவது கற்சுவர் சூழ்ந்த பழநகரும், ஆற்றோரத்து ஆலையும், ஆடு மேயும் பசும்புல் மேடும் கொண்ட இங்கிலாந்து, அவர்கள் காணாமலே விட்ட ஒன்றாகிவிடுகிறது. இத்தனைக்கும் அது இலண்டனிலிருந்து ஒன்றரை மணி நேர இரயில் தொலைவில்தான் இருக்கிறது.

நம் கல்லூரியில் பயின்று இன்று அந்நாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர், தம் பெற்றோர் பத்து நாள் பயணமாக வரவிருப்பதாகவும், அவர்களை இரயிலில் அழைத்துச் செல்ல எண்ணிப் பட்டியல் ஒன்று வகுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். பட்டியலில் பதினான்கு ஊர்கள் இருந்தன! பத்தை அடித்துவிடுமாறு விடை எழுதினேன். ஏன் அடிக்க வேண்டும், எஞ்சிய நாட்களை எவ்வாறு செலவிட வேண்டும் என்பதை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நாட்டு இரயில்களில் இருமுறை பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது; அதனைக்கொண்டே இதனை எழுதத் துணிகின்றேன்.

இரயில் சென்ற ஊரும் செல்லாத ஊரும்

திட்டமிடுவோர் முதற்கண் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பழமை மாறாது நிற்கும் ஊர்களுள் பல, இரயில் செல்லாமையால் அல்லது காலந்தாழ்ந்து ஓரமாய்ச் சென்றமையால் அவ்வாறு நிற்பவை. 1825-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் தடமும், 1830-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் தடமும் திறக்கப்பெற்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாடெங்கும் இருப்புப்பாதை வலைபோல் பரவியது. பாதை வந்த ஊரில் ஆலைகள் எழுந்தன. பழைய வீடுகள் இடிந்தன. புதிய தெருக்கள் தோன்றின. பாதை வாராத ஊரில் வீடுகளை இடித்துக் கட்டுவதற்குப் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

ஸ்டாம்ஃபோர்டு என்னும் ஊரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இலண்டனிலிருந்து வடக்கே சென்ற பெருவழியில், குதிரைவண்டிகள் தங்கிச் செல்லும் செல்வ நகராக அது விளங்கியது. 1850களின் தொடக்கத்தில் வடதிசை முதன்மை இரயில்தடம் அதனை விடுத்துப் பீட்டர்பரோ வழியே போடப்பட்டது. பீட்டர்பரோ தொழில் நகராய்ப் பெருத்தது. ஸ்டாம்ஃபோர்டு ஒரு கிளைத்தடத்தோடு அமைந்துவிட்டது. அவ்வூரின் பெருநிலக்கிழார் இரயிலை வரவொட்டாமல் தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அது முழுதும் மெய்யன்று என்பர். எவ்வாறாயினும், 1967-இல் பழமை காக்கும் பகுதிகளை வரையறுக்கும் சட்டம் வந்தபோது இங்கிலாந்தில் முதலில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட ஊர் ஸ்டாம்ஃபோர்டே. காட்ஸ்வோல்ட்ஸ் மேட்டுநிலச் சிற்றூர்களின் நிலையும் இத்தகையதே. இடைக்காலத்தில் செம்மறியாட்டுக் கம்பளி வணிகத்தால் செழித்து, பொன்னிறக் கல்லால் வீடும் ஆலயமும் எழுப்பிக்கொண்ட ஊர்கள் அவை. நெசவுத்தொழில் நிலக்கரி கிடைக்கும் வடபகுதிக்குப் பெயர்ந்தபின் வறுமையே அவ்வீடுகளுக்குக் காவலாயிற்று.

சென்ற நூற்றாண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இரயில் துறையின் இழப்பைக் குறைக்க 1963-இல் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆங்கிலக் கவிதை பயின்றோர் எட்வர்டு தாமசின் 'ஆடில்ஸ்ட்ராப்' என்னும் சிறு பாடலை அறிவர். 1914 சூன் 24 அன்று அவர் சென்ற இரயில் ஒரு சிற்றூர் நிலையத்தில் சிறிது நேரம் நின்றதன் விளைவு அப்பாடல். அந்நிலையம் 1966-இல் மூடப்பட்டுவிட்டது; அதன் பெயர்ப்பலகை இன்று ஊரின் பேருந்து நிழற்குடையில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் செல்லும் இரயில்கள் இன்றும் அவ்விடத்தைக் கடக்கின்றன. ஆனால் நிற்பதில்லை.

நிலையம் இருந்தும் ஊர் தொலைவில் இருப்பது மற்றொரு வகை. இங்கிலாந்தின் முதன்மைத் தடங்களிலேயே உயரமான நிலையம் டென்ட். ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. டென்ட் ஊரோ அங்கிருந்து நான்கு மைலுக்கு அப்பால், பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. கேம்பிரிட்ஜில் நிலையம் 1845-இல் திறக்கப்பட்டபோது, மாணவர் எளிதில் ஊர்சுற்றக் கிளம்பிவிடுவர் என அஞ்சிய பல்கலைக்கழகத்தார் அது நகருக்குள் வருவதை விரும்பவில்லை. அதனால் இன்றும் அங்கு ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டியுள்ளது. ஏரி மாவட்டத்துக்கு இரயில் வருவதை 1844-இல் வேர்ட்ஸ்வொர்த் எதிர்த்து எழுதினார். 1847-இல் இரயில் வந்தே விட்டது. எனினும் ஏரிக்கரை வரை அன்று, அதற்கு மேலுள்ள சரிவு வரைதான். 'விண்டர்மியர்' என்பது ஏரியின் பெயர். நிலையத்துக்கு அப்பெயரைச் சூட்டினர். நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊரும் தன் பழம்பெயரை விட்டு அதனையே ஏற்றுக்கொண்டது.

இவற்றால் பெறப்படுவது யாது? இரயில் நம்மை ஊரின் விளிம்பு வரை கொண்டுவந்து விடும். எஞ்சிய மூன்று அல்லது நான்கு மைல்தான் நாம் காண வந்த இங்கிலாந்து. அதனை நடந்தோ ஊர்ப்பேருந்திலோதான் கடக்க வேண்டும். ஆதலின் திட்டத்தை இலண்டனிலிருந்து தொடங்கி வெளியே வகுத்தல் கூடாது. அந்தக் கடைசி நான்கு மைலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வகுத்தல் வேண்டும். பேருந்து எத்தனை மணிக்கு, திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பது தெரிந்தபிறகே இரயிலைத் தேட வேண்டும். பதினான்கு ஊர் கொண்ட பட்டியலில் இந்த நான்கு மைலுக்கு இடமே இராது. நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, விடுதி தேடி, மறுநாள் மீண்டும் நிலையத்துக்கு ஓடுவதிலேயே நாட்கள் கழியும்.

இரண்டு தங்குமிடம் போதும்

பத்து நாளில் இலண்டனுக்கு மூன்று நாளை ஒதுக்கியபின் எஞ்சுவது ஏழு. அவ்வேழு நாட்களுக்கும் இரண்டே தங்குமிடங்களை நான் பரிந்துரைப்பேன்: தென்மேற்கில் பாத், வடக்கில் யார்க். பெட்டிகளை அங்கு வைத்துவிட்டு, வெறுங்கையோடு காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பலாம். அந்நாட்டு நிலையங்களில் சுமைதூக்குவோர் இல்லை. படிக்கட்டுகளோ நிரம்ப உண்டு. அறுபது வயதைக் கடந்தோர் இவ்வொரு காரணத்துக்காகவேனும் விடுதியை மாற்றிக்கொண்டே இருத்தல் ஆகாது.

இலண்டனுக்கு ஒரு நிலையம் அன்று, திசைக்கொரு நிலையம் உண்டு என்பதனை மறத்தல் கூடாது. பாத், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றுக்குப் பாடிங்டன், யார்க், டர்ஹாம், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்குக் கிங்ஸ் கிராஸ், சால்ஸ்பரிக்கு வாட்டர்லூ. நிலையம் மாறிச் சென்றால் நகரின் மறுகோடிக்கு ஓட நேரிடும்.

பாடிங்டனிலிருந்து பாத் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இத்தடமே காணத்தக்க ஒன்று. புரூனல் என்னும் பொறியாளர் வகுத்தது. பாத்துக்குச் சற்று முன்னர் ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள பாக்ஸ் சுரங்கம் வரும். 1841-இல் திறக்கப்பெற்ற அதனுள் நுழைந்து வெளிவந்தால், சிறிது நேரத்தில் தேன்நிறக் கல்லாலான நகரம் இருபுறமும் விரியும். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமர் இங்குக் குளியற்கூடம் அமைத்தனர். 46 பாகை வெப்பமுள்ள ஊற்று நாளொன்றுக்குப் பத்து இலட்சம் இலிட்டருக்கு மேல் இன்றும் பொங்குகிறது. நிலையத்திலிருந்து அவ்விடம் பத்து நிமிட நடையே. முப்பது வீடுகள் பிறைவடிவில் ஒன்றாய் இணைந்து நிற்கும் 'ராயல் கிரசென்ட்' 1767-இல் தொடங்கப்பெற்றது; அதற்கு முன்னுள்ள புல்வெளியில் அமர்ந்திருக்கக் கட்டணம் ஏதும் இல்லை. ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இந்நகரில் வாழ்ந்தார்.

ஆயினும் பாத்தை விட, பாத்திலிருந்து செல்லும் இடங்களே எனக்கு மிகுதியும் பிடித்தவை. சால்ஸ்பரி செல்லும் தடத்தில் கால் மணி நேரத்தில் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் வந்துவிடும். ஆற்றின் குறுக்கே பழைய கற்பாலம். பாலத்தின்மீதே குற்றவாளிகளை அடைத்துவைத்த ஒரு சிறு அறை. சரிவெங்கும் நெசவாளர் வீடுகள். குடியானவர் செலுத்திய தானியத்தைச் சேமித்துவைத்த 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம். இவற்றினும் வியப்பானது அங்குள்ள சாக்சன் காலச் சிற்றாலயம். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்கட்டடம் பள்ளிக்கூடமாகவும் குடியிருப்பாகவும் உருமாறி, ஆலயம் என்பதே மறந்துபோயிருந்தது. 1850களில்தான் அவ்வூர்ப் பாதிரியார் ஒருவர் அதன் உண்மையைக் கண்டறிந்தார். நிலையத்திலிருந்து இவை அனைத்தும் நடைதொலைவிலேயே உள்ளன. நிலையமும் ஊரும் ஒட்டியிருக்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்றாதலின் முதல்நாளுக்கு மிகவும் ஏற்றது.

இன்னும் நன்றாக ஒன்று செய்யலாம். பிராட்ஃபோர்டுக்கு முந்தைய சிறு நிலையமான ஏவன்கிளிஃபில் இறங்கி, அங்கிருந்து கால்வாய்க்கரை வழியே ஒன்றரை மைல் நடந்து பிராட்ஃபோர்டை அடையலாம். ஏவன்கிளிஃபில் நடைமேடை மிகச் சிறியது. வண்டியின் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். கால்வாயானது ஆற்றையும் இருப்புப்பாதையையும் கற்பாலத்தின்மேல் ஏறிக் கடப்பதை அங்குக் காணலாம். 1810-இல் முடிவுற்ற கால்வாய் அது. இரயில் வந்தபின் சரக்குகள் அதனைக் கைவிட்டன. 1852-இல் இரயில் நிறுவனமே அதனை விலைக்கு வாங்கிற்று. மெல்ல மெல்லத் தூர்ந்து போனது. தன்னார்வலர் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேறகற்ற, 1990-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒன்றை ஒன்று விழுங்கிய இரு வழிகளும் அருகருகே ஓடும் அக்கரையில் நடப்பது, இங்கிலாந்தின் தொழில் வரலாற்றை ஒரு மணி நேரத்தில் படிப்பது போன்றது.

இலண்டன் - பாத் தடத்தில் உள்ள சிப்பன்ஹாமில் இறங்கிப் பேருந்து ஏறினால் லேகாக் என்னும் சிற்றூரை அடையலாம். ஏறத்தாழ ஊர் முழுவதும் 1944 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு உரியது. மின்கம்பிகளும் தொலைக்காட்சி அலைவாங்கிகளும் கண்ணில் படாதபடி காத்துவருகின்றனர். அங்குள்ள பழைய மடத்தின் சாளரம் ஒன்றைத்தான் 1835-இல் ஃபாக்ஸ் டால்பட் படம்பிடித்தார். அது இன்றுள்ளவற்றுள் மிகப் பழைய ஒளிப்பட நெகடிவ் என்பர். அதே சாளரத்தின் முன் நின்று கைப்பேசியில் படமெடுப்போரைக் காண்பது சுவையான காட்சி!

மூன்றாம் நாள் சால்ஸ்பரி. பாத்திலிருந்து ஒரு மணி நேரம். 1220-இல் தொடங்கி 38 ஆண்டுகளில் முதன்மைக் கட்டடத்தை முடித்த பேராலயம். அதன்மேல் பின்னர் எழுந்த கூர்ங்கோபுரம் 123 மீட்டர் உயரம், அந்நாட்டிலேயே உயர்ந்தது. 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு படிகளுள் நன்னிலையில் உள்ளது இங்கிருப்பதே. ஸ்டோன்ஹெஞ்ச் செல்லும் பேருந்து நிலைய வாயிலிலிருந்தே புறப்படுகிறது. பாத்திலிருந்து ஒரே நாளில் இரண்டையும் பார்க்க இயலும். ஆனால் காலை முதல் இரயிலைப் பிடிக்க வேண்டும்.

இலண்டனை விட்டு நகர இயலாது, ஒரு நாள் மட்டுமே வாய்க்கும் என்போர் வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இதே சால்ஸ்பரியை அடையலாம். அவ்வழியில் நம் சமுதாயத்தார் அறியத்தக்க ஊர் ஒன்று உள்ளது. வோக்கிங் என்னும் அவ்வூரில்தான் பிரித்தானியாவில் பள்ளிவாசலாகவே கட்டப்பெற்ற முதற் பள்ளிவாசல் 1889-இல் எழுந்தது. போபால் அரசி ஷாஜஹான் பேகம் அளித்த பொருளால் எழுந்தமையின் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். அதற்கடுத்த புரூக்வுட் நிலையத்தை ஒட்டிய பெரும் அடக்கத்தலத்தில், திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தாலும் அப்துல்லா யூசுஃப் அலியும் அடங்கியுள்ளனர்.

பயணச்சீட்டு

நம் நாட்டில் தொலைவுக்கும் வகுப்புக்கும் ஏற்பக் கட்டணம் அமையும். அங்கோ ஒரே வண்டியில், ஒரே வகுப்பில், அருகருகே அமர்ந்த இருவர் மும்மடங்கு வேறுபட்ட கட்டணம் செலுத்தியிருக்கக் கூடும். முதற்பயணிகளின் பணம் வீணாவது இங்கேதான். ஆதலின் சற்று விரிவாகக் கூறுவேன்.

சீட்டுகள் மூவகை. 'அட்வான்ஸ்' சீட்டு மலிவானது. பல தடங்களில் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னரே விற்பனைக்கு வரும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். தவறவிட்டால் பணம் போயிற்று. இடையில் இறங்கவும் கூடாது. 'ஆஃப்-பீக்' என்பது அலுவலகக் கூட்டம் ஓய்ந்தபின் செல்லுவோர்க்கு உரியது. வேலைநாட்களில் பெரும்பாலும் காலை 9.30 மணியளவில் தொடங்கும்; வார இறுதியில் நாள் முழுதும் உண்டு. புறப்படும் நாளில் வாங்கினாலும் விலை ஏறாது. இடையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் தொடரப் பெரும்பாலும் இசைவு உண்டு. 'எனிடைம்' எந்நேரமும் செல்லும். விலையோ மிக அதிகம். அதனைச் சுற்றுலாப் பயணி வாங்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே, மூன்று நெடும்பயணங்களுக்கு மட்டும், அதாவது இலண்டன் - பாத், பாத் - யார்க், யார்க் - இலண்டன் ஆகியவற்றுக்கு, 'அட்வான்ஸ்' சீட்டை நாள் குறித்தவுடனேயே வாங்கிவிடுக. அன்றாடச் சிறு பயணங்களுக்கு முன்பதிவு வேண்டா. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, மழை இல்லையெனில் நிலையத்துக்குச் சென்று 'ஆஃப்-பீக்' போய்வரும் சீட்டு எடுத்தால் போதும். அந்நாட்டு வானிலையில் ஆறு வாரத்துக்கு முன்னரே ஒரு சிற்றூர்ப் பயணத்தை உறுதிசெய்வது அறிவுடைமையன்று. பாத்திலிருந்து சால்ஸ்பரிக்கு இவ்வகைச் சீட்டு எடுத்தால், திரும்பும் வழியில் பிராட்ஃபோர்டில் இறங்கி மாலைப் பொழுதைக் கழித்தும் வரலாம்.

'ரெயில்கார்டு' எனப்படும் சலுகை அட்டை மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தைக் குறைக்கும். 16 முதல் 25 வயது வரையுள்ளோர்க்கு ஒன்று, 60 வயது நிறைந்தோர்க்கு ஒன்று, எப்போதும் சேர்ந்தே செல்லும் இருவர்க்கு ஒன்று எனப் பலவகை. ஓராண்டு அட்டையின் விலை 2025 மார்ச்சு முதல் 35 பவுன். வெளிநாட்டாரும் வாங்கலாம், வயதுக்குக் கடவுச்சீட்டே சான்று. கணவனும் மனைவியுமாகச் செல்வோர் 'இருவர் அட்டை' ஒன்று எடுத்தால், மேற்சொன்ன பயணங்களுக்குள்ளேயே அட்டை விலை பெரிதும் திரும்பிவிடும். வேலைநாட்களில் காலை 9.30-க்கு முன் அவ்வட்டை செல்லாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க. வெளிநாட்டார்க்கென விற்கப்படும் 'பிரிட்ரெயில்' பயணப்பாசு நாடோறும் நெடுந்தொலைவு செல்வோர்க்கே ஆதாயம். இரண்டு ஊரில் தங்கிச் சிறு பயணம் செய்வோர்க்கு அது வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1990களின் நடுவே தனியார்மயமானதிலிருந்து இரயில்களைப் பல நிறுவனங்கள் இயக்கி வந்தன. 2025 முதல் அவை ஒவ்வொன்றாக அரசின் பொறுப்புக்கு மீள்கின்றன. வண்டியின் நிறமும் பெயரும் ஊருக்கு ஊர் மாறுவதைக் கண்டு மருள வேண்டா. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் என அச்சிடப்படாத சீட்டு அத்தடத்து வண்டிகள் அனைத்துக்கும் செல்லும். இரண்டு வண்டி மாறிச் செல்ல நேர்ந்தால் முழுத்தொலைவுக்கும் ஒரே சீட்டாக எடுப்பது நலம். முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறினால் அடுத்ததில் செல்லும் உரிமை கிடைக்கும். தாமதத்துக்கு இழப்பீடும் கேட்டுப் பெறலாம்.

வடக்கே

பாத்திலிருந்து யார்க் செல்ல இலண்டனுக்குத் திரும்ப வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் பிரிஸ்டலை அடைந்தால், அங்கிருந்து பர்மிங்ஹாம், டார்பி, ஷெஃபீல்டு வழியே ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் யார்க் செல்லும் நேர்வண்டிகள் உண்டு. இலண்டன், பாத், யார்க், மீண்டும் இலண்டன் என ஒரு முக்கோணமாகப் பயணம் நிறைவுறும்.

யார்க் நகரின் பெயர் வரலாறே மொழி மாணவர்க்கு ஒரு பாடம். உரோமர் எபொராகம் என்றனர், அங்குதான் கி.பி. 306-இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டார். ஆங்கிலேயர் வாயில் அது எயோஃபர்விக் ஆயிற்று. வைக்கிங்குகள் யோர்விக் ஆக்கினர். அதுவே தேய்ந்து யார்க் ஆனது. வைக்கிங் மொழியின் சுவடு தெருப்பெயர்களில் இன்றும் உள்ளது. அங்கு 'கேட்' என முடிவன எல்லாம் தெருக்கள். கோட்டை வாயில்களோ 'பார்' எனப்படுகின்றன. இஃதறியாது 'கேட்'டைத் தேடி அலைவோர் பலர்.

1841-இல் நகரின் மதிலையே துளைத்து இரயிலை உள்ளே கொண்டுவந்தனர். இடம் போதாமையால் 1877-இல் மதிலுக்கு வெளியே இன்றைய நிலையத்தை அமைத்தனர். வளைந்து செல்லும் அதன் இரும்புக்கூரையை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டே வெளியே வருதல் வேண்டும். வந்தவுடன் எதிரே மதில். இரண்டு மைலுக்குச் சற்று மேற்பட்ட அம்மதிலின்மேல் கட்டணமின்றி நடக்கலாம். பேராலயத்தின் கீழைப் பெருஞ்சாளரம் 1405 முதல் 1408 வரை வண்ணக்கண்ணாடியால் அமைக்கப்பட்டது; டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்பளவு உடையது. நிலையத்தை ஒட்டியுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி, நீராவி எஞ்சின்களுள் முதன்மை பெற்ற 'மல்லார்டு' அங்கே உள்ளது.

யார்க்கிலிருந்து டர்ஹாம் முக்கால் மணி நேரப் பயணம். வடக்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்கச் சாளரத்தருகே அமர்க. நிலையத்தை நெருங்கும்போது வண்டி உயர்ந்த பாலத்தின்மேல் ஏறும். 1093-இல் தொடங்கப்பெற்ற பேராலயமும் கோட்டையும் ஆற்றின் வளைவுக்கு மேலே பாறையுச்சியில் எழுந்து நிற்கும். பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் கேட்பதில்லை, நன்கொடை விரும்புவர். மற்றொரு நாள் லீட்ஸ் சென்று செட்டில் - கார்லைல் தடத்தில் பயணிக்கலாம். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலம் இத்தடத்தில்தான் உள்ளது. அதனையும் சுரங்கங்களையும் கட்டிய தொழிலாளர் பலர் விபத்தாலும் அம்மையாலும் அங்கேயே மாண்டனர். 1980களில் இத்தடத்தை மூட முயன்றனர். மக்கள் எதிர்ப்பால் 1989-இல் அம்முடிவு கைவிடப்பட்டது. ரிபிள்ஹெட்டில் இறங்கிப் பாலத்தின் அடியில் நடந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவது என் பரிந்துரை. இலக்கிய ஆர்வலர் லீட்ஸிலிருந்து கீத்லி சென்று, தன்னார்வலர் நடத்தும் நீராவி வண்டியில் பிராண்டி சகோதரியர் வாழ்ந்த ஹாவொர்த் ஊரை அடையலாம். அந்தச் சீட்டு தனி.

ஸ்ட்ராட்ஃபோர்டு எங்கே என ஆங்கிலத்துறை நண்பர்கள் வினவுவர். சேக்சுபியரைக் கற்க அவ்வூருக்குச் சென்றே ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டாம் பயணத்துக்கு அதனை ஒதுக்கலாம். ஏரி மாவட்டமும் அவ்வாறே.

மேலும் சில

ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தால் அறிவிப்புகள் புரியா. லெய்செஸ்டர் என எழுதி லெஸ்டர் என்பர். வொர்செஸ்டர் என எழுதி வூஸ்டர் என்பர். அல்ன்விக் என எழுதி ஆனிக் என்பர். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ஊர்கள் உள்ளன: டார்செட்டில் இருப்பது கில்லிங்ஹாம், கென்டில் இருப்பது ஜில்லிங்ஹாம்! மேற்கூறிய பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் வேறு, யார்க்ஷயரின் பெருநகரான பிராட்ஃபோர்டு வேறு. சீட்டு எடுக்கும்போது ஏவனைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கான்டர்பரியில் கிழக்கு, மேற்கு என இரு நிலையங்கள் உண்டு. சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குச் செல்லும். எந்தப் பெட்டியில் அமர வேண்டும் என்பதை அறிவிப்பில் கேட்டறிக. இலண்டன் பெருநிலையங்களில் நடைமேடை எண்ணைப் புறப்படச் சில நிமிடங்களுக்கு முன்னரே காட்டுவர். கதவுகளோ குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே மூடிக்கொள்ளும்.

வயல்களினூடே செல்லும் நடைவழிகள் சட்டப்படி பொதுவழிகள். மஞ்சள் அம்புக்குறி நடப்போர்க்கு உரியது. தனியார் நிலமாயினும் தடுப்பார் இல்லை. திறந்த படலை மூடிவிட்டுச் செல்வது மரபு. ஊர்ப்பேருந்துக் கட்டணத்துக்கு 2025 சனவரியில் மூன்று பவுன் உச்சவரம்பு விதித்தனர். செல்லும் காலத்து நிலையைக் கேட்டறிதல் நலம்.

உணவில் ஓர் எச்சரிக்கை. பாத், சால்ஸ்பரி போன்ற பழநகர்களில் ஹலால் இறைச்சி எளிதிற் கிட்டாது. மீனுணவு இருக்கிறதே என எண்ணலாம். யார்க்ஷயர்ப் பகுதியில் மீன் பொரிக்கும் கடைகள் பல மாட்டுக்கொழுப்பிலேயே பொரிக்கின்றன. எந்த எண்ணெய் எனக் கேட்டபின் வாங்குக. கேட்பதை எவரும் தவறாகக் கொள்வதில்லை. லீட்ஸிலும் பிராட்ஃபோர்டு பெருநகரிலும் இக்கவலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிற்றூர்ப் பயணம் வேண்டா. தடம் பழுதுபார்க்கும் பணிகளை அன்றுதான் வைத்துக்கொள்வர்; இரயிலுக்கு மாற்றாகப் பேருந்தில் ஏற்றுவர்; ஊர்ப்பேருந்துகள் பலவும் ஓடா. அந்நாளை யார்க் மதிலுக்கோ பாத் தெருக்களுக்கோ ஒதுக்கிவிடுக. டிசம்பர் 25 அன்று நாடெங்கும் இரயில் இல்லை. மே, சூன், செப்டம்பர் ஏற்ற மாதங்கள். சூன் திங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கும். மாலை ஆறு மணிக்குத் திரும்பினாலும் ஊரைச் சுற்றி நடக்கப் பொழுது உண்டு. ஆனால் இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே உறங்கும் நேரம் மிகக் குறைவு. டிசம்பரிலோ நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அந்தந்த ஊரின் தொழுகை நேர அட்டவணையை இரயில் அட்டவணையோடு சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.